கொடியில் குனிந்து பார்க்கும் குருவி

அந்தக் காலத்தில், யானையும் புலியும் மனிதரோடு சரிக்குச் சரி வாயாடிக்கொண்டிருந்த காலத்தில், ஒரு படைக்குக் கொடி வேண்டுமென்றால் துணியும் சாயமும் மட்டும் போதாது. எந்த விலங்கின் உருவம் கொடியில் ஏற வேண்டுமோ, அந்த விலங்கிடமே படைத்தலைவன் நேரில் போய்ச் சம்மதம் கேட்க வேண்டும். விலங்கு வந்து படையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்கும். பிடித்தால் தலையாட்டும். பிடிக்காவிட்டால் காறித் துப்பிவிட்டுப் போகும். புலி அப்படி இரண்டு படைகளைத் துப்பிவிட்டு மூன்றாவதற்குத்தான் ஒத்துக்கொண்டதாம். அதற்கு அவ்வளவு ராங்கி!

மலைநாட்டு அரசனிடம் பதினோரு படைகள் இருந்தன. யானைப்படையின் கொடியில் யானை. வில்லாளிகளின் கொடியில் புலி. ஆற்றுக் காவலர்களுக்கு முதலை. இப்படிப் பத்துப் படைக்குப் பத்துக் கொடி. பதினோராவது படைக்கு மட்டும் வெறும் கழி. அதுதான் நெடுங்கணவாயைக் காத்த படை.

மொத்தமே முப்பத்திரண்டு பேர். இரண்டு மலைகளுக்கு நடுவே ஒற்றை வழி. வழியை அடைத்து ஒரு பெரிய மரக்கதவு. கதவுக்கு வெளியே கூழாங்கல் பரந்த ஒரு திடல். காலையிலும் மாலையிலும் அந்தத் திடலில் இரண்டு வரிசையாக அணிவகுத்து நடப்பார்கள். மற்ற நேரமெல்லாம் கதவைக் காப்பார்கள். கதவுக்குப் பின்னால் ஏழு ஊர்கள் கவலையில்லாமல் பொங்கித் தின்றுகொண்டிருந்தன. கொள்ளையடிக்க வரும் கடலோரக் கரைநாட்டார் அந்தக் கதவைத் தாண்டியதே இல்லை.

படைத்தலைவன் பெயர் கொற்றன். அவனுக்கு அடுத்தவன் பூதன். பூதனின் வேலை கொடி பார்ப்பது. தூரத்தில் ஒரு கொடி தலைகாட்டினால் போதும், அது யாருடையது, எந்த ஊரில் நெய்தது, எந்தச் சாயம் என்று மூச்சுவிடாமல் சொல்லிவிடுவான். அறுபது நாட்டுக் கொடிகள் அவனுக்கு மனப்பாடம். சொந்தமாக ஒரு கொடி இல்லையே என்ற ஏக்கமும் அவனுக்குத்தான் அதிகம். பசித்தவனுக்குத்தானே சோற்றின் மணம் தெரியும்!

கொடி இல்லாததில் ஒரு பெரிய அவமானம் இருந்தது. கொடி உள்ள படை எதிரே வந்தால், கொடி இல்லாத படை கையிலுள்ள வேல்களைத் தரையில் கிடத்திவிட்டு, அந்தக் கொடியை அண்ணாந்து பார்த்தபடி நிற்க வேண்டும். அது கடந்து போகும்வரை பார்வையை இறக்கக் கூடாது. அரண்மனை வகுத்த முறை அது. கழுத்து வலித்தாலும் அப்படியேதான் நிற்க வேண்டும்.

கொற்றன் சும்மா இருக்கவில்லை. காடு மேடெல்லாம் அலைந்தான். முள்ளம்பன்றியிடம் போனான். "என்னைய கொடியில போட்டுட்டு அப்புறம் கொடியை யாருய்யா மடிப்பா?" என்று அது கேட்டது. மயிலிடம் போனான். "மழைக்காலம்னா சொல்லுங்க, வர்றேன். வெயில்ல எல்லாம் என்னால நிக்க முடியாது" என்றது. ஓணான் மட்டும் கேட்பதற்கு முன்பே தலையாட்டியது. ஆனால் அது எதைக் கேட்டாலும் தலையாட்டும், அதன் சம்மதம் செல்லாது என்று அரண்மனையில் சொல்லிவிட்டார்கள். கடைசியில் ஒரு கழுதை தானாகவே வந்து, "நான் ரெடி" என்பதுபோல நின்றது. பூதன் கண்ணில் நீர் வந்துவிட்டது. "தலைவரே, வெறுங்கழியே இருக்கட்டும்" என்று கொற்றனைக் கையெடுத்துக் கும்பிட்டான்.

இப்படி இருக்கும்போதுதான், ஒருநாள் காலை அணிவகுப்பில் கொற்றன் கையை உயர்த்திப் படையை நிறுத்தினான். அவன் காலடியில் ஒரு பறவை நின்றது. மஞ்சள் கால், கறுத்த கழுத்து, கண்ணுக்கு முன்னால் சிவப்பாக ஒரு சின்னச் சதைத் தொங்கல். ஊமைக்குருவி என்று எல்லாரும் சொல்வார்களே, அது. அப்போதெல்லாம் அதற்கு அதுதான் பெயர். அது ஊமை இல்லை. காதோடு காதாகத்தான் பேசும். வெட்டவெளியில், கூழாங்கல்லுக்கு நடுவே, கூடுகூடக் கட்டாமல் முட்டையிடுகிற பறவை அது. முட்டையும் கூழாங்கல் மாதிரியே இருக்கும். சத்தம் போட்டால் எல்லார் பார்வையும் அங்கே திரும்பும், முட்டை போய்விடும். அதனால் அதன் குலத்தில் ஒருவரும் வாய் திறந்து கத்தியதே கிடையாது.

கொற்றன் மண்டியிட்டுக் காதைக் கொடுத்தான்.

"அண்ணே, உங்க காலுக்கு ரெண்டடி முன்னால என் முட்டை நாலு கெடக்கு" என்று குருவி கிசுகிசுத்தாள். "மூணு தடவை முட்டையிட்டேன். ஒரு தடவை கீரி தின்னுச்சு. ஒரு தடவை மாட்டுக்கால் மிதிச்சிருச்சு. ஒரு தடவை காக்கா. இந்த நாலுதான் எனக்கு மிச்சம். உங்க ஆளுங்க காலை மட்டும் கொஞ்சம் பாத்து வைக்கச் சொல்லுங்கண்ணே."

கொற்றன் உற்றுப் பார்த்தான். எவ்வளவு பார்த்தும் எது கல், எது முட்டை என்று தெரியவில்லை. குருவி அலகால் தொட்டுக் காட்டிய பிறகுதான் தெரிந்தது.

"அதுக்கென்ன தாயி! சுத்தி ஒரு சுண்ணாம்புக் கோடு போட்டுடறேன். ஒருத்தன் கால் வைக்கமாட்டான்."

"ஐயோ, வேண்டாம்ணே! கோடு போட்டா காக்காய்க்குப் பந்தி விரிச்ச மாதிரி ஆயிரும்."

அடையாளம் இல்லாமல் ஓர் இடத்தை முப்பத்திரண்டு பேர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்! கொற்றன் படையைத் திரட்டி அங்கேயே பழக்கினான். கதவிலிருந்து நாற்பதாவது அடியில் இடது வரிசை இடப்பக்கமும் வலது வரிசை வலப்பக்கமும் ஒதுங்க வேண்டும். நான்கு அடி தாண்டியதும் மறுபடி சேர வேண்டும். முதல் நாள் ஒருவன்மேல் ஒருவன் முட்டிக்கொண்டார்கள். மூன்றாம் நாள் சரியாக வந்தது. பத்தாம் நாள் கண்ணை மூடிக்கொண்டு நடந்தாலும் கால் தானாக ஒதுங்கியது. கணவாயைக் கடந்துபோன வணிகர்கள், "வெறும் தரையைப் பார்த்து ஒதுங்குறானுங்களே, இவனுங்களுக்கு என்ன பிடிச்சிருக்கு?" என்று வாய்விட்டுச் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். உச்சி வெயிலில் குருவி நெஞ்சு இறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டைகளைக் குளிர வைப்பதைப் பார்த்துவிட்டு, பூதன் ஒரு மண்கலயத்தில் தண்ணீர் வைக்கத் தொடங்கினான்.

இருபத்தேழு நாள் ஆயிற்று. அன்று காலையில் குருவி முட்டைமேல் உட்கார்ந்திருந்தவள் சட்டென்று தலையைச் சாய்த்தாள். உள்ளே இருந்து டொக், டொக் என்று ஒரு தட்டல்!

"ஏங்க, கேக்குதா? தட்டுதுங்க! பிள்ளைங்க தட்டுதுங்க!" என்று புருஷனிடம் மெல்லச் சொன்னாள். மூன்று தடவை அவள் இந்த ஓசையைக் கேட்காமலேயே இழந்தவள். ஆண்குருவி ஒரு காலில் நின்று மறு காலில் நின்று, என்ன செய்வதென்று தெரியாமல் தண்ணீர்க் கலயத்துக்கும் முட்டைக்குமாக ஓடினான்.

அதே வேளையில்தான் கீழ்வழியில் முரசு ஒலித்தது.

"யானைக் கொடி!" என்று பூதன் கதவின் மேலிருந்து கூவினான். "நம்ம ஆனைப்படை திரும்பி வருது தலைவரே!"

யானைப்படை இரண்டு மாதத்துக்கு முன்பு அந்த வழியாகத்தான் வெளியே போயிருந்தது. திருவிழாவுக்குள் திரும்ப வேண்டும். திருவிழாவுக்கு இன்னும் இரண்டு நாள். வராவிட்டால்தான் ஆச்சரியம்.

அறுபது பேர் வந்தார்கள். முன்னால் ஒருவன் கொடி தூக்கி வந்தான். தலைவன் போல இருந்தவன் உரத்த குரலில், "ஆனையெல்லாம் கீழ ஆத்துல குளிக்குது. நாங்க முன்னால வந்துட்டோம். கதவைத் திறங்க!" என்றான்.

பூதன் கண்ணை இடுக்கிக் கொடியைப் பார்த்தான். யானையின் தும்பிக்கை வளைவு சரி. கொம்பின் நுனியில் பொன்னிழை சரி. ஓரத்தில் மூன்று மடிப்புத் தையல் சரி. "அச்சு அசல் நம்ம கொடி!" என்றான். கதவு திறந்தது. முப்பத்திரண்டு பேரும் வெளியே வந்து, முறைப்படி வேல்களைத் தரையில் கிடத்தினார்கள். முறைப்படி அண்ணாந்து கொடியைப் பார்த்தார்கள். ஒருவர் கண்ணும் கீழே இறங்கவில்லை.

கீழே இருந்தது குருவி மட்டும்தான்.

அவளுக்குக் கொடி தெரியாது. கொடி இருக்கிற உயரத்தில் அவளுக்கு என்ன வேலை? தரையில் பிறந்து தரையில் வாழ்பவள். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் கால். யானைப்படை வெளியே போனபோது ஒவ்வொரு காலையும் பார்த்திருக்கிறாள். யானையின் காதுக்குப் பின்னால் கால்விரலை அழுத்தி அழுத்தி, பெருவிரல் விரிந்து காய்த்துப்போன கால்கள் அவை. இப்போது வருகிற கால்களோ பாதம் வெளுத்து, குதிகால் உப்புப் பூத்து வெடித்துக் கிடந்தன. உப்பளத்தில் நின்று ஊறிய கால்கள். கரைநாட்டான் கால்! ஏழு ஊரையும் கொள்ளையடிக்க எத்தனையோ முறை வந்து, கதவில் முட்டிக்கொண்டு திரும்பிப்போனானே, அதே கரைநாட்டான்! சந்தைதோறும் ஆள் நிறுத்தி, யானைக் கொடியைப் பார்த்துப் பார்த்து இழை பிசகாமல் நெய்துகொண்டு வந்துவிட்டான்.

"ஏங்க, இது வேற ஆளுங்க" என்று குருவி கிசுகிசுத்தாள்.

"பேசாம இரு புள்ள" என்றான் ஆண்குருவி. "அவனுங்க ஓரமாத்தான் போறானுங்க. முட்டைப் பக்கம் வரலை. இன்னும் நாலு எட்டு, கதவுக்குள்ள போயிருவானுங்க. எந்த ராசா ஆண்டா நமக்கென்ன? கூழாங்கல்லுக்கு வரியா போடப்போறான்?"

அவன் சொன்னதும் நியாயம்தான். வாயை மூடிக்கொண்டிருந்தால் நான்கு முட்டையும் பிழைக்கும். கத்தினால் அறுபது பேரும் திரும்புவார்கள். குருவி முட்டைகளைப் பார்த்தாள். உள்ளே இன்னும் தட்டிக்கொண்டிருந்தன. பிறகு கதவோரம் வேல்களைக் கீழே போட்டுவிட்டு, கழுத்தை நீட்டிக்கொண்டு நின்ற முப்பத்திரண்டு பேரைப் பார்த்தாள். வெட்டப்படப் போவது தெரியாமல் நிற்கிறார்கள்.

"இருபத்தேழு நாளா என் பிள்ளைங்களுக்காகக் காலை ஒதுக்கி வச்சவங்க இவங்க" என்றாள். "இவங்க சாகறதை நான் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கவா?"

சொல்லிவிட்டு முட்டையை விட்டு எழுந்தாள். வாயைத் திறந்தாள். அவள் குலத்தில் அதுவரை யாரும் கேட்டிராத ஒரு கூச்சல் கிளம்பியது.

"ஆள் வேற! கால் வேற! ஆள் வேற! கால் வேற!"

இரண்டு மலையும் அதை வாங்கித் திருப்பிச் சொல்லின. முப்பத்திரண்டு பேரும் துள்ளிப்போனார்கள். ஊமைக்குருவியா கத்துகிறது?

"கொடி சரிதான் தலைவரே!" என்று பூதன் தவித்தான். "எறும்பளவு வித்தியாசம்கூட இல்லை!"

கொற்றன் ஒரு கணம் தயங்கினான். அரண்மனை முறை ஒரு பக்கம், குருவியின் குரல் ஒரு பக்கம். பிறகு அவன் செய்யக் கூடாததைச் செய்தான். கொடியிலிருந்து கண்ணை இறக்கினான். வரிசையாக வெளுத்த பாதங்கள்!

"கதவை மூடுங்கடா!" என்று உறுமினான். "நாலு பேர் உள்ள போய்க் கணையமரத்தைப் போடுங்க! மத்தவன் எல்லாம் வேலை எடு!"

நால்வர் உள்ளே பாய்ந்தார்கள். கதவு இரைந்துகொண்டு சாத்திக்கொண்டது. உள்ளே கதவுக்குக் குறுக்கே கணையமரம் விழுகிற ஓசை தடால் என்று கேட்டது. ஏழு ஊரும் பிழைத்தன. ஆனால் கொற்றனும் இருபத்தேழு பேரும் கதவுக்கு வெளியே, அறுபது பேருக்கு எதிரில் நின்றார்கள்.

கரைநாட்டுத் தலைவனுக்கு வந்த ஆத்திரத்தைக் கேட்கவா வேண்டும்! எட்டு மாதத் திட்டம் ஒரு குருவியின் வாயால் பாழாகிவிட்டது. "முதல்ல அந்தக் குருவியை அடிச்சுக் கொல்லுங்கடா!" என்று கத்தினான். பத்துப் பேர் அவள் பக்கம் திரும்பினார்கள். குருவி என்ன செய்தாள் தெரியுமா? ஓர் இறக்கையைத் தொங்கவிட்டுக்கொண்டு, முறிந்துபோனவள் போல நொண்டி நொண்டி ஓடினாள். முட்டை இருக்கும் திசைக்கு நேர் எதிர்த்திசையில்! கைக்கு எட்டும் தூரத்தில் வருவாள், வேலை ஓங்கியதும் நழுவுவாள். பத்துப் பேரும் அவள் பின்னால் போய்ப் பாறை இடுக்கில் மாட்டிக்கொண்டு விழித்தார்கள். அடிபட்டதாக நடிக்க அவளுக்கு யார் கற்றுக் கொடுத்தார்கள்? தாய்க்கு யாராவது கற்றுக் கொடுக்க வேண்டுமா என்ன!

திடலில் சண்டை மூண்டது. உப்பளத்துக் கால்கள் உருளும் கூழாங்கல்லில் வழுக்கின. கணவாய்க்காரர்களுக்கோ அது அன்றாடம் நடந்து பழகிய தரை. இருபத்தெட்டுப் பேரும் தோளோடு தோள் சேர்ந்து முன்னேறினார்கள். நாற்பதாவது அடி வந்ததும், அந்த வெட்டுக்குத்துக்கு நடுவிலும், இடது வரிசை இடப்பக்கம் ஒதுங்கியது. வலது வரிசை வலப்பக்கம் ஒதுங்கியது. யாரும் கட்டளையிடவில்லை. கால் தானாக ஒதுங்கிற்று.

கரைநாட்டுத் தலைவன் அதைப் பார்த்துவிட்டான். "நடுவுல வழி விட்டுட்டானுங்க! பூந்து போங்கடா!"

அவனும் ஆறேழு பேரும் அந்த இடைவெளியில் பாய்ந்தார்கள். கல் நொறுங்குகிற ஓசை இல்லை அது, மிக மெல்லிய ஓசை. அந்தக் கூச்சலில் அது யாருக்கும் கேட்டிருக்காது. பூதனுக்குக் கேட்டது. தண்ணீர் வைத்தவன் அல்லவா! திரும்பிப் பார்த்தான். இரண்டு முட்டைகள் இருந்த இடத்தில் ஈரம் மட்டும் இருந்தது.

பூதன் ஒரே தாவாகத் தாவி, மிச்சமிருந்த இரண்டு முட்டைக்கும் இரண்டு பக்கமும் காலை ஊன்றி நின்றான். "இனி ஒருத்தன் வா!" என்றான். முன்னால் ஓர் அடி வைக்க முடியாது. பின்னால் ஓர் அடி வைக்க முடியாது. நகராமல் நின்று சண்டை போடுவது எவ்வளவு கஷ்டம் என்று போட்டுப் பார்த்தவனுக்குத்தான் தெரியும். இடது தோளில் ஒரு வெட்டு விழுந்தது. அசையவில்லை. தொடையில் ஒன்று விழுந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். கரைநாட்டுத் தலைவன் வாளை ஓங்கினான். அப்போது பாறைப் பக்கத்திலிருந்து குருவி கல் எறிந்த வேகத்தில் வந்து அவன் கண்ணில் மோதினாள். அவன் தடுமாறினான். கொற்றனின் வேல் அவனைச் சாய்த்தது.

அதற்குள் உள்ளே போன நால்வரும் முரசைக் கிழிய அடித்திருந்தார்கள். ஏழு ஊர் ஆண்களும் பெண்களும் கவணோடு மலைமுகட்டில் ஏறிவிட்டார்கள். மேலிருந்து கல்மழை! தலைவனை இழந்த கரைநாட்டார், தூக்கி வந்த கொடியைப் போட்டுவிட்டு, வந்த வழியே உருண்டு புரண்டு ஓடினார்கள்.

திடல் அடங்கியது. பூதன் மட்டும் அப்படியே நின்றான். காலிலிருந்து ரத்தம் வழிந்தது.

"பூதா, உக்காருடா. முடிஞ்சுபோச்சு" என்றான் கொற்றன்.

"காலை எடுக்கலாமா தலைவரே? எங்க வைக்கிறதுன்னு பாத்துச் சொல்லுங்க" என்றான் பூதன்.

இருவர் அவனைத் தூக்கி ஓரமாக உட்கார வைத்தார்கள். குருவி வந்தாள். நொறுங்கிய இரண்டின் பக்கத்தில் போய் நின்றாள். ஆண்குருவி அவளை ஒட்டி நின்றான். பூதன் வாய்விட்டு அழுதான். "கொடி சரி, கொடி சரின்னு சொன்னேனே தாயி! என் கண்ணு அவிஞ்சுபோக! என்னாலதானே போச்சு!"

குருவி அவனிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் டொக் என்று ஓர் ஓசை. மிச்சமிருந்த முட்டைகளில் ஒன்று பொரிந்தது. ஈர உடம்போடு, நெட்டைக் காலோடு, ஒரு குஞ்சு தள்ளாடிக்கொண்டு வெளியே வந்து விழுந்தது. பிறகு இன்னொன்று! முப்பத்திரண்டு ஆண்பிள்ளைகளும் போர்க்களத்தில் மண்டியிட்டுக்கொண்டு, "வந்துருச்சு! வந்துருச்சு!" என்று கூத்தாடினார்கள். குருவி இரண்டையும் இறக்கைக்குள் இழுத்துக்கொண்டாள். மூன்று தடவையும் அரையும் இழந்தவளுக்கு, இறக்கைக்குள் இப்போது இரண்டு உயிர் இருந்தது.

மறுநாள் அசல் யானைப்படை வந்து சேர்ந்தது. அதன் மறுநாள் திருவிழா. செய்தி கேட்ட அரசன் ஓலை அனுப்பினான்: "நெடுங்கணவாய்ப் படைக்கு இனிக் கொடி உண்டு. எந்த விலங்கு வேண்டுமானாலும் கேட்கலாம். புலியே இடம் மாறச் சம்மதித்துவிட்டது."

"புலி வேண்டாம்" என்றான் கொற்றன். முப்பத்திரண்டு பேரும் தலையாட்டினார்கள். நேரே குருவியிடம் போய் வரிசையாக நின்றார்கள். முறைப்படி சம்மதம் கேட்டார்கள்.

குருவி தலையாட்டவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"என்னைக் கொடியில ஏத்திட்டா என்ன ஆகும் தெரியுமாண்ணே? நாளைக்கு எவனாவது என்னை மாதிரியே ஒரு படத்தை நெய்து தூக்கிட்டு வருவான். நீங்களும், 'நம்ம குருவி வருது'ன்னு வாயைப் பொளந்துக்கிட்டு அண்ணாந்து பாப்பீங்க. என் ரெண்டு பிள்ளையை மிதிச்சது கரைநாட்டான் கால் மட்டுமில்லைண்ணே. உங்க அண்ணாந்த கண்ணும் சேந்துதான் மிதிச்சது."

சுடத்தான் செய்தது. ஆனால் உண்மை.

கட்டுப்போட்ட தோளோடு பூதன் மெல்ல முன்னால் வந்தான். அறுபது நாட்டுக் கொடிகளை மனப்பாடமாக வைத்திருந்தவன் அவன். "தாயி, எல்லாக் கொடியிலும் எல்லா மிருகமும் எதிரியைப் பாத்துத்தான் உறுமும்" என்றான். "நீ மட்டும் குனிஞ்சு கீழ பாரு. கொடியைத் தூக்கிட்டு வர்றவன் காலைப் பாரு. உன்னைப் பாக்கிற எங்களுக்கும், 'முதல்ல கீழ பாரு'ன்னு ஞாபகம் வரும்."

குருவி தன் குஞ்சுகளைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "நாலு முட்டையும் வேணும்" என்றாள். "போன ரெண்டும் வேணும்."

"போடறோம் தாயி" என்றான் கொற்றன்.

அப்போதுதான் அவள் தலையாட்டினாள்.

அப்படியே நெய்தார்கள். ஓர் இறக்கை உயர்ந்து, ஓர் இறக்கை தொங்கி, தலையைக் குனிந்து கீழே பார்க்கும் ஒரு குருவி. அதன் காலடியில் நான்கு முட்டை. இரண்டு முட்டைக்கு உள்ளே நிறம் நிரப்பியிருக்கும். இரண்டுக்கு வெறும் கோடு மட்டும். உயர்ந்த இறக்கை காவல், தொங்கும் இறக்கை அதற்குக் கொடுத்த விலை என்று அந்தப் படையில் சேர்கிறவனுக்கு முதல் நாளே சொல்லிவிடுவார்கள்.

கொடியேற்றும் நாள் வந்தது. அரசனே கணவாய்க்கு வெளியே போய், திடல் வழியாகப் பரிவாரத்தோடு நடந்து வந்தான். வெண்குடை, கவரி, பதினோரு முரசு! முப்பத்திரண்டு பேரும் விறைப்பாக நின்றார்கள். கொற்றன் கயிற்றைப் பிடித்தான். அந்த நேரம் பார்த்து, குஞ்சுகளோடு மேய்ந்துகொண்டிருந்த குருவி ஜிவ்வென்று மேலே எழும்பினாள்.

"ஆள் வேற! கால் வேற! ஆள் வேற!"

முரசெல்லாம் நின்றுபோயின. பரிவாரம் வெலவெலத்தது. அமைச்சர் ஒருவர் ஓடிவந்து, "அடே, ராசாவைப் பார்த்தா கத்துறது? ஓட்டுங்கடா அதை!" என்று பதறினார். நெடுங்கணவாய்ப் படையில் ஒருவனும் அசையவில்லை. முப்பத்திரண்டு பேரும் வேலைக் குறுக்கே நீட்டி வழியை மறித்தார்கள். முப்பத்திரண்டு பேரும் குனிந்து அரசனின் காலைப் பார்த்தார்கள்.

பொன்வேலை செய்த செருப்புக்குள் கால் மறைந்திருந்தது.

"மன்னிக்கணும் மகாராசா" என்றான் கொற்றன். குறுக்கே நீட்டிய வேலை அவன் தாழ்த்தவில்லை. "காலைக் காட்டணும்."

அரசன் குருவியை அண்ணாந்து பார்த்தான். பிறகு வரிசையில் ஊன்றுகோலோடு நின்ற பூதனைப் பார்த்தான். சிரிப்பு வந்தது அவனுக்கு. பல் தெரியச் சிரித்துக்கொண்டே செருப்பைக் கழற்றி, வெறுங்காலைக் கூழாங்கல்மேல் வைத்தான். குருவி தாழப் பறந்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு வாயை மூடினாள். வேல்கள் விலகின. நாற்பதாவது அடியில், யாரும் சொல்லாமலே, அரசனும் காலை ஒதுக்கி வைத்து நடந்தான்.

அன்று முதல்தான் ஊமைக்குருவி என்ற பெயர் போய் அவளுக்கு ஆட்காட்டி என்ற பெயர் வந்தது. அன்று முதல்தான் வருகிறவன் அரசனோ ஆண்டியோ, தூக்கி வருகிற கொடி எதுவோ, தரையில் ஒரு மனிதக் கால் பட்டதும் ஆட்காட்டி ஊரைக் கூட்டிக் கத்துகிறது.